"சும்மா உட்கார வைத்திருக்கிறார்கள், ஊருக்கே வந்துவிடவா?"

கேள்வி: எனக்கு வயது 26. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். வேளாண்மை படித்துவிட்டு இரண்டு வருடம் ஓர் உரக் கம்பெனியில் இருந்தேன். மனசு ஒட்டவில்லை. தன்னார்வலராக ஒரு வருடத்துக்குத் தான்சானியா வந்திருக்கிறேன். மோரோகோரோ பக்கம் நெல் விவசாயிகள் குழுவோடு வேலை. இளநாற்றை ஒற்றை ஒற்றையாக நடும் திருந்திய நெல் சாகுபடியைச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு என்றார்கள். வந்து மூன்று மாதம் ஆகிறது, நாற்றங்கால் வேலையே இன்னும் தொடங்கவில்லை. குழுத் தலைவர் "பொறு, பொறு" என்கிறார். கூட்டம் போட்டுப் பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறார்கள், அதோடு சரி. என்னைக் கடை முதலாளி வீட்டுப் பெண் என்று நினைத்துப் பணம் கேட்பவர்களும் உண்டு. மூன்றாவது மாதம் எல்லாம் பழகிவிடும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எனக்கோ மோசமாகிக்கொண்டு போகிறது. வாரம் ஒரு மலேரியா மாத்திரை போடுகிறேன். தூக்கம் இல்லை, கெட்ட கெட்ட கனவு. அம்மா தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ காலில் வருவார், இரண்டு பேரும் அழுவோம். ஊரில் "பொண்ணு மாசம் எவ்வளவு அனுப்புது?" என்று கேட்டுத் துளைக்கிறார்களாம். தை மாதம் அக்காவுக்கு வளைகாப்பு. அதைச் சாக்கு வைத்து வந்து அப்படியே இருந்துவிடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம். அட்டையை எடுத்துப் பாருங்கள். மெஃப்ளோகுயின் என்று போட்டிருந்தால், உங்கள் தூக்கமின்மைக்கும் கனவுகளுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மலேரியாவைத் தடுப்பதில் அது நல்ல மருந்துதான். ஆனால் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், பயத்தையும் மனச்சோர்வையும் கிளப்பிவிடும். மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்த பக்கவிளைவு. அட்டையில் குளோரோகுயின் என்று இருந்தால் சிக்கல் வேறு: தான்சானியாவில் அதிகம் பரவும் ஃபால்சிபேரம் வகை மலேரியாவுக்கு அதை நம்ப முடியாது. எதுவானாலும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உங்களை அனுப்பிய திட்டத்தின் மருத்துவரிடம் கனவுகளைப் பற்றி நாளைக்கே சொல்லுங்கள். தினமும் போடுகிற மாற்று மருந்துகள் உண்டு, அவர் பார்த்து மாற்றிக் கொடுப்பார். அப்புறம், காய்ச்சல் என்று ஒன்று வந்தால், மாத்திரைதான் போடுகிறோமே என்று இருந்துவிடாமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

இப்போது தஞ்சாவூரில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். அதற்கு முன்பு கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வந்த தன்னார்வலர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். "எனக்குத்தான் மன உறுதி போதவில்லை" என்று தங்களையே திட்டிக்கொண்டு பாதி ராத்திரியில் விழித்துக் கிடந்த பிள்ளைகள், மருந்து மாறியதும் நிம்மதியாகத் தூங்கியதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் மற்றதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன். மருந்தை மாற்றிய பிறகும் சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் மருத்துவரிடம் திரும்பப் போங்கள். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஒரே ஒரு தடவை வந்தாலும், யாராவது உங்களிடம் தப்பாக நடந்துகொண்டாலும், அன்றைக்கே திட்ட அலுவலகத்துக்குச் சொல்லிவிடுங்கள். அந்த நிலையில் ஊருக்குத் திரும்புவதில் ஒரு குறையும் கிடையாது. இனி நான் எழுதுவது அந்த நிலை இல்லாதபோது மட்டும் பொருந்தும்.

அந்த "மூன்றாவது மாத"க் கணக்கை மறந்துவிடுங்கள். 1955-இல் லிஸ்கார்ட் என்ற நார்வே ஆய்வாளர், அமெரிக்கா போய்வந்த தம் நாட்டுக்காரர்களிடம் பேசிப் பார்த்து, முதலில் மகிழ்ச்சி, நடுவில் சரிவு, பிறகு ஏற்றம் என்று ஒரு படம் சொன்னார். ஏறக்குறைய அதே காலத்தில் ஓபெர்க் என்ற மானிடவியலாளரும் அந்த மாதிரியே கட்டங்களாகப் பிரித்துப் பேசினார். பயிற்சி வகுப்புகளில் இன்றும் பலகையில் அந்த வளைவைத்தான் வரைகிறார்கள். ஆனால் நியூசிலாந்துக்குப் படிக்க வந்த ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து 1998-இல் வெளியான ஆய்வு வேறு மாதிரிச் சொன்னது. அவர்களுக்குச் சிரமம் அதிகமாக இருந்தது வந்து இறங்கிய நேரத்தில்தான். ஆளுக்கு ஆள் இது மாறும். உங்களுக்கு மூன்றாவது மாதம் கஷ்டமாக இருப்பதால் நீங்கள் எதிலும் தோற்றுவிடவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது, மூன்று மாதமாக அந்த ஊருக்கு எதையாவது கொடுத்துவிட வேண்டும் என்று நீங்கள் துடிப்பது. அவர்களிடமிருந்து நீங்கள் எதையாவது கேட்டு வாங்கிக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை. மண்வெட்டி இரவல் கேட்டதாக, சமையல் சொல்லிக்கொடுக்கச் சொன்னதாக, வழி தெரியாமல் யாரையாவது துணைக்குக் கூட்டிப் போனதாக ஒன்றும் இல்லை. என் அனுபவத்தில், தன்னார்வலராகப் போகிறவர்கள் அந்த ஊரோடு ஒட்டுவது அவர்கள் கொடுக்கும்போது அல்ல. ஊர்க்காரர்களின் தயவு தமக்கு வேண்டும் என்று வெளிப்படையாகக் காட்டும்போதுதான்.

காவிரிப் படுகைக்காரர்களான நமக்கு இது புரிய வேண்டும், ஏனென்றால் வாங்குகிற பக்கத்திலும் நாம் இருந்திருக்கிறோம். 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு நாகப்பட்டினத்துக்கு எங்கெங்கிருந்தோ உதவி வந்தது. உயிர் காத்த உதவிகள் அதில் நிறைய. ஆனால் லாரி லாரியாகப் பழைய துணியும் வந்தது. எடுப்பார் இல்லாமல் சாலையோரம் குவிந்து கிடந்தது. எல்லாம் இழந்து நிற்கிற மனுசியிடம் கிழிந்த சட்டையை நீட்டினால் அவள் எப்படி வாங்குவாள்? அடுத்து படகு. ஆளாளுக்குப் போட்டி போட்டு ஃபைபர் படகு கொடுத்ததில், சுனாமிக்கு முன்பு இருந்ததைவிடப் படகுகள் கூடிப்போன கிராமங்கள் உண்டு. அதே கடலில் அதே மீனுக்குப் போட்டி அதிகமானது. கொடுத்தவர்கள் எல்லாருமே நல்ல மனசுக்காரர்கள்தான். வந்த அவசரத்தில் கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

அப்போது வந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை எனக்குத் தெரியும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கூட்டம் போட்டுப் பார்த்தார், யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு காலையில் மீன் இறங்குகிற இடத்துக்குப் போய்ப் பெண்களோடு உட்கார்ந்து மீன் ஆயக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார். கையை அறுத்துக்கொண்டார். "இப்படிப் பிடி, அப்படி அறு" என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொடுத்தார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். கந்துக்காரனிடம் மாட்டிய கடன், பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுபோன மகள், இரவானால் வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிப்பது என்று கூட்டத்தில் வராத பேச்செல்லாம் அந்த அரிவாள்மனைகளுக்கு நடுவில்தான் வந்தது. அதற்கப்புறம்தான் அவருக்கே தன் வேலை என்ன என்று தெரிந்தது.

உங்கள் குழுத் தலைவர் சொன்ன "பொறு" தட்டிக்கழிக்கிற பேச்சு இல்லை என்றே நினைக்கிறேன். அந்தப் பக்கம் பெருமழைக் காலம் மார்ச்சில் தொடங்கி மே வரை. டிசம்பரில் நாற்றங்காலைப் பற்றிக் கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? ஜூன் 12-இல் மேட்டூர் திறக்குமா என்று தெரியாமல், பம்புசெட் இல்லாத யாராவது நம்மூரில் குறுவைக்கு நாற்று விடுவார்களா? அந்தச் சமயம் ஒருவர் வந்து "ஏன் இன்னும் சும்மா இருக்கிறீர்கள்?" என்று கேட்டால் உங்கள் அப்பாவும் சிரித்துத் தலையாட்டத்தான் செய்வார்.

நீங்கள் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கும் சாகுபடி முறைக்கும் ஒரு கதை இருக்கிறது. அது ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு எதிரே இருக்கிற மடகாஸ்கர் தீவில், 1980-களில், லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்குள்ள விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கியது. அங்கிருந்து உலகம் சுற்றி நம்மிடம் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாவது ஆண்டில் நம் அரசு அதற்கு "ராஜராஜன் 1000" என்றே பெயர் வைத்தது. உங்கள் மோரோகோரோ வட்டாரத்திலேயே ம்கிண்டோ பாசனப் பகுதியில் சோகோயின் வேளாண் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்களும் விவசாயிகளும் பத்து வருடத்துக்கு மேலாக இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆகவே கூட்டத்தில் தலையாட்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு இது முன்பே தெரிந்திருக்கலாம். செய்து பார்த்து விட்டவர்களாகவும் இருக்கலாம்.

அப்படி விட்டவர்களைத்தான் நீங்கள் தேடிப் போக வேண்டும். போகிறதற்கு முன்னால் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, "நம்ம தெருவில் ஒற்றை நாற்று நட்டவங்க ஏன் விட்டாங்க?" என்று கேளுங்கள். 14 நாள் நாற்றை ஒவ்வொன்றாகக் கயிறு பிடித்து நட ஆள் கிடைக்கவில்லை என்பார். களையெடுக்கும் கோனோவீடர் கருவியைச் சேற்றில் தள்ள முடியவில்லை என்பார். எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர் இருக்கிறது. காயவிட்டுப் பாய்ச்சு, காயவிட்டுப் பாய்ச்சு என்று புத்தகம் சொல்கிறது. முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வாய்க்காலில் கடைமடைக்காரன் எப்படி நம்பிக் காயவிடுவான்? வருகிற அன்றைக்குத் தேக்கி வைத்தால்தான் அவனுக்கு உண்டு. நீடாமங்கலத்துப் பெண்ணுக்கு இதை யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அங்கே ஒரு வயதான விவசாயியிடம், தலைமதகிலிருந்து கடைசி வயல் வரை உங்களோடு வாய்க்கால் கரையில் நடக்க முடியுமா என்று கேளுங்கள். யாருக்கு முதலில் தண்ணீர், யாருக்குக் கடைசி, எங்கே சண்டை வரும் என்று அவர் சொல்லச் சொல்லக் கேளுங்கள். நோட்டுப் புத்தகத்தை அன்றைக்குக் கொண்டுபோக வேண்டாம்.

விதையைப் பற்றியும் கேளுங்கள். சூப்பா என்கிற வாசனை நெல் அங்கே பலருக்குப் பிரியம். விளைச்சல் அதிகம் தருகிற ரகம் இருக்கும்போது அதை ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்பதில் ருசியும் விலையும் சேர்ந்தே இருக்கும். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல் விதை கொடுத்தபோது, இரண்டு கிலோ வாங்கிப் போகிறவர் அடுத்த வருடம் நான்கு கிலோ திருப்பித் தர வேண்டும் என்று வைத்திருந்த ஏற்பாட்டை அவர்களுக்குச் சொல்லுங்கள். உங்கள் ஊர்க் கதை ஒன்றைக் கேட்டால் அவர்களும் தங்கள் கதையைச் சொல்லுவார்கள்.

பேச்சைத் தொடங்குகிற விதமும் முக்கியம். சுவாஹிலி பேசும் ஊரில் நலம் விசாரிக்காமல் காரியத்துக்கு வருவது மரியாதைக் குறைவு. வீட்டில் யார் எப்படி, உடம்பு எப்படி, வேலை எப்படி என்று கேட்டு முடித்த பிறகுதான் விஷயம். பெரியவர்களைப் பார்த்தால் "ஷிகமோ" சொல்ல வேண்டும், அவர்கள் "மரஹபா" என்பார்கள். வீட்டு வாசலில் நின்று "ஹோடி" என்று குரல் கொடுத்து, "கரிபு" என்ற பதில் வந்த பிறகு உள்ளே போக வேண்டும். மணிக்கணக்கும் அவர்களுக்கு விடியலிலிருந்து தொடங்கும். இரண்டு மணிக்குக் கூட்டம் என்று சுவாஹிலியில் சொன்னால் நம் கடிகாரத்தில் காலை எட்டு. நம் தாத்தாக்கள் உதயத்திலிருந்து நாழிகை எண்ணியது போலத்தான். இது பிடிபடாமல் கூட்டத்தைத் தவறவிட்டவர்கள் பல பேர்.

பணம் கேட்பவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அங்குள்ள இந்தியர்களில் பெரும்பாலானோர் தலைமுறைகளாகக் கடை வைத்திருக்கும் குஜராத்தி வம்சாவளியினர், அதனால் உங்களையும் அப்படி நினைப்பது இயல்பு. கோபப்படாமல், ஒளிக்காமல், உங்களுக்குக் கிடைப்பது சாப்பாட்டுக்கும் வாடகைக்குமான படி மட்டும்தான் என்று ஒவ்வொரு தடவையும் சொல்லுங்கள். ஒருவருக்குக் கொடுத்து இன்னொருவருக்கு மறுப்பது மட்டும் வேண்டாம்.

அம்மாவின் போன் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. நம் நேரத்துக்கும் அங்குள்ள நேரத்துக்கும் இரண்டரை மணி வித்தியாசம். அம்மாவுக்கு ராத்திரி ஒன்பது என்றால் உங்களுக்கு மாலை ஆறரை. வெயில் தாழ்ந்து, ஊரே வாசலுக்கு வந்து உட்கார்ந்து பேசுகிற நேரம். அந்த நேரத்தில் தினமும் நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு நீடாமங்கலத்தில் இருக்கிறீர்கள். மூன்று மாதமாகத் தனிமை குறையாததற்கு இதுவும் ஒரு பெரிய காரணம் என்பேன். போனைக் காலைக்கு மாற்றுங்கள். உங்களுக்கு ஆறு மணி என்றால் அம்மாவுக்கு எட்டரை, காலை வேலை கொஞ்சம் ஓய்ந்திருக்கும். தூங்கி எழுந்த முகத்தோடு பேசினால் இரண்டு பேருக்கும் அழுகை குறையும். முதல் வாரம் அம்மா கோபித்துக்கொள்வார். "ராத்திரி பேசினா எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குதும்மா" என்று உள்ளதைச் சொல்லுங்கள். மாலை நேரத்தைப் பக்கத்து வீட்டு வாசலுக்குக் கொடுங்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் கீரை ஆய்ந்துகொண்டு உட்காரலாம். ம்சிச்சா என்று அங்கே விற்பது நம் முளைக்கீரை இனம்தான்.

சாப்பாடு பெரிய பிரச்சினை ஆகாது. புளி, கத்தரி, வெண்டை எல்லாம் அங்கே உண்டு. நம்மூர்ச் சாம்பாரில் கொதிக்கிற துவரம்பருப்பில் ஒரு பங்கு தான்சானியாவிலிருந்து இறக்குமதி ஆவதுதான். சாம்பார்ப் பொடி மட்டும் வீட்டிலிருந்து வந்தால் போதும். ஆனால் வாரத்தில் சில நாளாவது உகாலி என்ற மக்காச்சோள மாவுக் களியை அவர்கள் வீட்டிலேயே அவர்களோடு சாப்பிடுங்கள். கறி, மீன் வேண்டாம் என்றால் பீன்ஸும் கீரையும் கேட்டு வாங்கலாம், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

"எவ்வளவு அனுப்புது?" என்ற கேள்விக்கு வருவோம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் பக்கம் தெருவுக்குத் தெரு சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒருவர் இருக்கிறார். அவர்கள் அனுப்பிய பணத்தில்தான் பாதி வீடுகளுக்கு மாடி வந்தது, தங்கச்சிகளுக்குக் கல்யாணம் நடந்தது. விமானம் ஏறியவர் பணம் அனுப்பியாக வேண்டும் என்று ஊர் நினைப்பதில் ஆச்சரியம் இல்லை. கல்யாண வயதுப் பெண் சம்பளம் இல்லாமல் ஆப்பிரிக்காவில் இருக்கிறாள் என்றால் அப்பாவுக்கு டீக்கடையில் பதில் சொல்லக் கஷ்டமாகத்தான் இருக்கும். அவருக்குச் சொல்ல ஒரு வாக்கியத்தை நீங்களே கொடுங்கள்: "ஒரு வருஷம் அங்க விவசாயிங்களோட வேலை, தங்குறதுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கிறாங்க, சம்பளம் கிடையாது, முடிச்சிட்டு வந்து வேலைக்குப் போவா." இதில் பொய் இல்லை, மறைப்பும் இல்லை. அவர் திரும்பத் திரும்ப ஒரே மாதிரிச் சொன்னால் கேட்பவர்கள் ஓய்ந்துவிடுவார்கள். ஊர் வாயை அடைக்கவேண்டி உங்கள் படியில் மிச்சம் பிடித்து அனுப்பத் தொடங்காதீர்கள். பட்டினி கிடந்து அனுப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒருமுறை அனுப்பிவிட்டால் அடுத்த மாதமும் கேட்பார்கள்.

கடைசியாக வளைகாப்பு. வரவேண்டாம் என்பதே என் கருத்து. நாற்றங்கால் வேலை நெருங்குகிற சமயம் அது. தவிர, வீடு நிறைய உறவுக்காரர்கள் கூடியிருக்கும்போது, வந்து இறங்கிய உங்களையே எல்லாரும் கேள்வி கேட்பார்கள். அக்காவுக்கு உரிய நாள் அது. சாக்கு வைத்து வந்தால், வேலையை விட்டு வந்ததைக் குழுத் தலைவரிடமும் சொல்லியிருக்கமாட்டீர்கள், வீட்டிலும் சொல்லியிருக்கமாட்டீர்கள். அந்தப் பாரம் ரொம்ப நாள் கூட இருக்கும். நடவு முடியட்டும். அதற்கப்புறமும் திரும்ப வேண்டும் என்றே தோன்றினால், திட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, விவசாயிகளிடம் நேரில் சொல்லிக்கொண்டு, தலை நிமிர்ந்து வாருங்கள்.

வரமுடியாது என்பதை அம்மா மூலமாகச் சொல்லாமல் நீங்களே அக்காவிடம் பேசுங்கள். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களிடம், அக்காவுக்குக் குழந்தை பிறக்கப் போகிறது, என்ன அனுப்பலாம் என்று கேளுங்கள். அங்கே காங்கா என்று ஒரு பருத்தித் துணி உண்டு, ஓரத்தில் ஒரு வாசகம் அச்சிட்டிருக்கும், குழந்தையை முதுகில் கட்டிக்கொள்வதும் அதில்தான். எந்த நிறம், எந்த வாசகம் தாய்க்குப் பொருத்தம் என்பதில் அவர்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடக்கும். விஷயத்தைச் சொன்னால் போதும், கடைத்தெருவுக்கு அவர்களே உங்களைக் கூட்டிப் போவார்கள்.